சங்கமும் ஓட்டும்

கொழுந்துக் கூடையின் பாரம் அறிந்த நமக்கு, இலங்கை மலையகத்தின் சௌமியமூர்த்தி தொண்டமான் கதை அந்நியமானதன்று. 1913-இல் தமிழ்நாட்டில் பிறந்த அவர் தோட்ட உரிமையாளரின் மகன். எனினும் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானார். 1947-இல் நுவரெலியாத் தொகுதி மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. லட்சக்கணக்கான தோட்ட மக்கள் நாடற்றவர்களாகி, ஓட்டையும் இழந்தார்கள். ஆனால் சங்கம் கலையவில்லை. கொழுந்து பறிக்கும் கைகள் நின்றால் நாட்டின் வருமானமே நின்றுவிடும் என்பது ஆட்சியாளர்களுக்குத் தெரியும். அந்தப் பலத்தோடுதான் 1978-இல் அவர் அமைச்சரானார். பதவி ஏற்றதால் சங்கத்தின் குரல் தணிந்தது என்று குறை கூறியவர்களும் உண்டு. ஆனால் 1984-இல், அவர் அமைச்சராக இருந்தபோதே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் கிடைத்தது. நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 1988-இல் வந்தது. 1999-இல் அவர் மறைந்தார்.

ஒரே சட்டத்தில் பறிபோனதை மீட்க 40 ஆண்டுகள் ஆயின!

நம் நாட்டில் 18 வயதானால் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் ஏறிவிடும். அடையாளக் கார்டு இல்லாத பிள்ளைக்கோ அந்த உரிமை இல்லை. பெற்றோர்களே, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் நாளையே பதிவு இலாகாவுக்குப் புறப்படுங்கள்.