பத்து நாள் ஒறம்பரை

பேரூர், 22 மார்ச் 2020

இன்று மாலை விமானமேறி, நாளைக் காலை சிங்கப்பூரில் வகுப்பறையில் நின்றிருக்க வேண்டியவன் நான். பள்ளிகளுக்குக் கிடைக்கும் ஒரு வார மார்ச் விடுமுறைக்குள் அம்மாவுக்குக் கண்புரை அறுவையை முடித்துவைத்துத் திரும்பிவிடுவதென்பது என் உத்தேசம். வெளிநாட்டு விமானம் எதுவும் இங்கே இறங்கக் கூடாதென்று இன்று முதல் தடை வந்துவிட்டது. மக்கள் ஊரடங்காதலால் சிறுவாணிச் சாலையில் ஒரு பஸ்ஸின் சப்தம்கூட இல்லை. ஐந்து மணிக்குத் தெருவார் வட்டலும் கரண்டியுமாக வாசலுக்கு வந்து தட்டினார்கள். கட்டிய பெட்டி கூடத்திலேயே நிற்கிறது.

25 மார்ச்

இருபத்தொரு நாள் என்கிறார்கள். பெட்டியைப் பிரித்தேன்.

29 மார்ச், ஞாயிறு

பரதேசத்தில் வாழ்கிறவனுக்கு உழைப்பைவிட ஓய்வே கடினமான காரியம் என்பது என் அபிப்பிராயம். வேலை நாளுக்கு யாரோ ஒரு முறையை வகுத்துத் தந்துவிடுகிறார்கள்; உறவுமுறையும் நோம்பியும் கூப்பிடாத ஞாயிற்றுக்கிழமையையோ அவனவனே கட்டி எழுப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பத்தொன்பது ஆண்டுகளாக நான் கட்டி வைத்திருந்த ஞாயிறு இத்தகையது: விடியலில் பீஷான் பூங்காவில் காலாங் ஆற்றங்கரையோடு நடை; பிறகு தேக்கா சந்தையில் கீரையும் முருங்கைக்காயும்; காப்பிக்கடையில் ஒரு குவளைத் தே தாரிக்கும் தமிழ் முரசும்; பொழுதோடே ரேஸ்கோர்ஸ் சாலைப் பக்கத்துப் புல்வெளிகளில், சிவகங்கையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்த பிள்ளைகள் வட்டவட்டமாக அமர்ந்து ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பதைக் காதில் வாங்கியபடி ஒரு சுற்று.

அந்தக் காலாங், வெகுகாலம் சிமெண்டு வாய்க்காலாக அடைபட்டுக் கிடந்து, 2012-ஆம் ஆண்டில்தான் அப்பூங்காவுக்குள் கல்லும் புல்லும் வளைவுமாக மறுபடி ஆறாயிற்று. அதன் கரையில் நடக்குந்தோறும், வெள்ளியங்கிரியில் பிறந்து காவிரிக்குப் போகும் எங்கள் நொய்யலுக்கு இப்படியொரு காலம் வாராதா என்று ஏங்கியிருக்கிறேன். இன்றோ நொய்யல் படித்துறை கூப்பிடு தூரத்தில் இருக்க, வெளியே போகத் தடை என்று திண்ணையில் உட்கார்ந்திருந்த என் மனம் நாடியது காலாங்கை. எழுதவே சங்கடமாக இருக்கிறது. ஆயினும் நடந்தது அதுதான்.

2 ஏப்ரல்

நாளொன்றுக்கு நான்கு வேளை சொட்டு மருந்து. அம்மா கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொள்வாள். நான் கீழிமையை விரலால் மெல்ல இழுத்து ஒரு சொட்டு விடுவேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, நான் எண்ணி முடிக்கும்வரை அசையாமல் கிடப்பாள். இன்று காலை திறந்த கண் என்மீதே நின்றது. "ஏங் கண்ணு, எப்ப உனக்கு இத்தன நரச்சுது?" என்றாள்.

புரை விழுந்த கண்ணுக்குள் இத்தனை காலமும் கறுத்த தலையோடு இருந்திருக்கிறேன். ஆண்டுக்குப் பத்து நாள் வீதம், பத்தொன்பது ஆண்டுகளில் நான் அவளோடு இருந்தது 190 நாள். அதில் பாதி, வங்கியிலும் கல்யாண மண்டபங்களிலும் கழிந்திருக்கும்.

6 ஏப்ரல்

பங்குனி உத்திரம். பட்டீசுவரர் தேர் நிலையை விட்டு நகரவில்லை.

8 ஏப்ரல்

நேற்றிலிருந்து சிங்கப்பூரிலும் எல்லாம் அடைப்பு. இன்று முதல் பாடங்கள் முழுவதும் வீட்டிலிருந்தே. அங்கு ஏழரை மணி என்றால் இங்கு ஐந்து. இருட்டோடு எழுந்து கணினியின் முன் உட்கார்ந்து, வேற்றுமை உருபுகளை விளக்கிக்கொண்டிருக்கையில், பின்புறத்துத் தோப்பிலிருந்து ஒரு மயில் உரக்க அகவியது. "அது என்ன சார்?" என்று நான்கைந்து குரல்கள் ஒன்றாய் எழுந்தன. கணினியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. இருந்தும் அவர்கள் மூச்சு விடாமல் காத்திருந்தார்கள். மறுபடி அகவியதும் ஒரு சிறுமி கைதட்டிவிட்டாள். அம்மா காப்பியோடு வாசற்படியிலேயே நின்று, பாடம் முடிந்த பிறகுதான் உள்ளே வந்தாள். பரமானந்தமான நாள்.

21 ஏப்ரல்

ரேஸ்கோர்ஸ் சாலைப் புல்வெளியில் பழக்கமான பிள்ளை ஒருவன் அழைத்தான். சிங்கப்பூரின் தொழிலாளர் விடுதிகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வசிக்கிறார்கள். புதிய தொற்றில் பெரும்பகுதி அவர்களிடையேதான். அடைப்பு ஜூன் 1 வரை நீள்கிறதாம். "பன்னெண்டு பேரு ஒரே ரூம்ல இருக்கோம் சார். சோறு வருது, சம்பளமும் வரும்ங்கறாங்க. ஞாயித்துக்கிழமதான் இல்ல" என்றான்.

"நீங்க எங்க சார் இருக்கீங்க?"

"ஊர்ல மாட்டிக்கிட்டேன்ப்பா" என்றேன்.

அவன் சற்று நேரம் பேசவில்லை. "ஊர்லயா சார்?" என்று மட்டும் கேட்டான்.

இரவு வெகுநேரம் தூக்கமில்லை.

27 ஏப்ரல்

நேற்று முதல் நான்கு நாளைக்குக் கோவையில் முழு ஊரடங்கு. காய்கறிக் கடையும் கிடையாது. அம்மா அரிசியும் பருப்புமாக ஆக்கி, நெய் ஊற்றி வைத்தாள்.

எங்கள் பக்கத்தில் விருந்தாய் வரும் உறவினரை ஒறம்பரை என்போம். அவர்களுக்கென்று அலமாரியில் புதுத் தட்டுகள் இருக்கும். ஆண்டுதோறும் எனக்குச் சோறு விழுவது அவற்றில்தான். அதை ஒரு மரியாதையாகவே ஏற்று வந்திருக்கிறேன். இன்று என் முன்னால் இருந்தது பழைய வட்டல். விளிம்பு ஓரிடத்தில் நசுங்கி, என் பெயரும் 1975 என்பதும் வெட்டப்பட்டு, எழுத்துகள் தேய்ந்தது. புதுத் தட்டு என்னவாயிற்று என்று கேட்டேன்.

"அது ஒறம்பரைக்குங் கண்ணு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வட்டலின் அடியில் என் பெயர் தெரியும்வரை வழித்துத் தின்றேன்.

1 மே

அம்மாவிடம் சினந்தேன். பள்ளியோடு பேசிக்கொண்டிருக்கையில் இணைப்பு இருமுறை அறுந்தது. அதற்கு அவள் என்ன செய்வாள்?

7 மே

வெளிநாடுகளில் தங்கிவிட்டவர்களை ஏற்றிவரும் சிறப்பு விமானங்கள் இன்று தொடங்கிவிட்டன. முதல் இரண்டும் அபுதாபியிலிருந்தும் துபாயிலிருந்தும் கேரளத்தில் இறங்கின. பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேலிருந்து, "அல்லாரும் ஊருக்கு வர்றாங்க, நீங்க போறேங்கறீங்களே தம்பி?" என்றார். அங்கிருந்து நுழைவு அனுமதி வர வேண்டும், மனுச் செய்திருக்கிறேன், பதிலில்லை. பதில் வந்தாலும் விமானமில்லை.

கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்ததில், மேற்கே மலைத்தொடர் மடிப்பு மடிப்பாகத் தெரிந்தது. அம்மா ஒவ்வொரு மடிப்பாக விரல் நீட்டிக் காட்டினாள்.

சொட்டு மருந்து முடிந்து பத்து நாளாகிறது. இரவு எட்டு மணிக்கு, வழக்கம்போலக் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "வா சாமி" என்று கூப்பிட்டாள். காலிப் புட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.