சிவப்பு விளக்கு சொன்ன செய்தி



ஒரு பொருளை விற்க முனையும்போது அதன் குறையைச் சொல்லி விற்பதா, மூடி மறைத்து விற்பதா என்னும் சோதனை உங்களில் பலருக்கும் நேர்ந்திருக்கும். எனக்கு அச்சோதனை ஒரு பழைய காரின் வடிவில் வந்தது.

மர்ஹூம் அத்தா அவர்கள் விட்டுச் சென்றவற்றுள் 1976ஆம் ஆண்டின் அம்பாஸடர் மார்க் 3 காரும் ஒன்று. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை மூலமாகக் கொண்டு, கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 2014ஆம் ஆண்டுவரை உருவாக்கப்பட்ட வண்டி இது. அதை விற்று, உம்மாவுக்கும் பிள்ளைகளாகிய எங்களுக்கும் மார்க்க முறைப்படி பங்கிடுவதென முடிவாயிற்று. தஞ்சைப் பக்கமிருந்து ஒருவர் வந்து விலை பேசிச் சென்றார். குடும்பத்துடன் ஊர் ஊராகச் சென்றுவர வாங்குவதாகச் சொன்னார்.

அவர் வண்டியை எடுத்துச் செல்ல நான்கு நாட்கள் இருந்தன. ஒருமுறை ஓட்டிப் பார்ப்போமென்று கிளம்பினேன். எஞ்சின் நன்கு சூடேறிய பின் ரயில்வே கேட்டில் நின்றபோது, ஆயில் பிரஷரைக் காட்டும் சிவப்பு விளக்கு மினுக்கென எரிந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அணைந்தது. காலை எடுத்தால் மீண்டும் எரிந்தது.

தரகரிடம் சொன்னேன். “இதற்கா கலங்குகிறீர்கள், பாய்? இருக்கிற ஆயிலை வடித்துவிட்டுக் கெட்டியான ஆயிலை ஊற்றுங்கள். தேன்போல ஒரு மருந்து விற்கிறான். அதிலும் ஒரு டப்பா சேர்த்தால் விளக்கு அணைந்துவிடும். வண்டி கைமாறும்வரை தாங்கும். இது உங்கள் ஒருவருடைய பணமா? உம்மா பங்கும் அக்காமார் பங்கும் இருக்கிறதே!” என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னை அசைத்துவிட்டது. மறுநாள் காலை, அத்தா காலத்திலிருந்து அவ்வண்டியைப் பார்த்துவரும் மேஸ்திரியிடம் சென்றேன். “விளக்கை அணைப்பது பெரிதில்லை, தம்பி. அது ஏன் எரிகிறது என்று பார்க்க வேண்டாமா?” என்றார் அவர்.

அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையே ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவே இடைவெளி. அவ்விடைவெளியில் ஆயில் மெல்லிய படலமாக நின்று, இரும்போடு இரும்பு உரசாமல் காக்கிறது. ஆயிலைத் தள்ளுவது பம்ப். அழுத்தம் பிறப்பதோ அது குறுகிய வழியே செல்வதால். தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அடைத்தால் நீர் சீறுகிறது. விரலை எடுத்தால் தளர்கிறது அல்லவா? பேரிங் தேய்ந்தால் இடைவெளி அகலும், அழுத்தம் தளரும். சூட்டில் ஆயில் இளகுவதாலும், நின்ற நிலையில் பம்ப் மெதுவாகச் சுழல்வதாலும் குறை அப்போதுதான் முதலில் வெளிப்படும்.

ஆனால் எடுத்த எடுப்பிலேயே பேரிங்கைக் குறை சொல்ல மேஸ்திரி உடன்படவில்லை. முதலில் அளவுக் குச்சியை உருவிப் பார்த்தார். ஆயில் அளவு சரியாக இருந்தது. பெட்ரோல் வாடை வீசினால் ஆயிலில் பெட்ரோல் கலந்து நீர்த்துவிட்டது என்று பொருள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். இரண்டும் இல்லை. அடுத்து, விளக்குக்குச் செய்தி சொல்லும் சுவிட்சின்மீது சந்தேகம். அதுவே பழுதாகிப் பொய் சொல்வதும் உண்டு. அதைக் கழற்றி, அவ்விடத்தில் அழுத்தமானியைப் பொருத்தினார். இந்த விளக்கு பெரும்பாலும் 10 பவுண்டுக்குக் கீழே இறங்கினால்தான் எரியும். ஆகவே விளக்கு எரியாததனால் மட்டும் எஞ்சின் நலமாக உள்ளதென்று கொள்ளலாகாது.

குளிர்ந்த நிலையில் முள் 50 பவுண்டைத் தொட்டது. அரைமணி நேரம் ஓடிச் சூடேறியதும், நின்ற நிலையில் 6 பவுண்டு. நிமிடத்திற்கு 2000 சுற்றில் 12. ஆயிரம் சுற்றுக்குப் பத்துப் பவுண்டேனும் வேண்டுமென்பது பழைய எஞ்சின்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. சுவிட்ச் பொய் சொல்லவில்லை. மிகுதியான அழுத்தத்தைத் திருப்பிவிடும் வால்வில் தூசு சிக்கித் திறந்தே நின்றாலும் இப்படி நேரும் என்று அதையும் கழற்றிப் பார்த்தார், சுத்தமாகவே இருந்தது. “இனிச் சம்ப்பை இறக்கினால்தான் தெரியும்” என்றார்.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “என் பங்கு குறைந்தால் குறையட்டும், வாப்பா. அத்தா பெயரால் ஹராமான காசு இந்த வீட்டுக்குள் வரவேண்டாம்” என்றார்கள். அக்காமாரும் அதையே சொன்னார்கள்.

நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதும், மழையில் நனைந்தது என்ற வணிகரிடம், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்ததும் நாம் அறிந்த ஹதீஸ்தான். ஜும்ஆ மேடையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்த ஈரம் என் கையில் தட்டுப்பட்டது அன்றுதான்.

வாங்க வந்தவரைத் தொலைபேசியில் அழைத்து உண்மையைச் சொன்னேன். அவர் நேரில் வந்தார். அவர் கண்முன்னே சம்ப்பை இறக்கினார்கள். ஆயில் உறிஞ்சும் வலையில் சிறிது கசடு. பேரிங்கின் மேற்பூச்சு தேய்ந்து செப்பு நிறம் தெரிந்தது. தண்டிலும் மெல்லிய கீறல்கள். “இப்படியே நெடுஞ்சாலையில் விரட்டியிருந்தால் பேரிங் இறுகி, ராடு முறிந்து எஞ்சினையே உடைத்திருக்கும்” என்றார் மேஸ்திரி. அந்த வண்டியில் யார் யார் அமர்ந்திருப்பார்கள் என்று எண்ணியபோது என் உடல் நடுங்கியது.

பழுதுபார்க்கும் செலவைக் கழித்துக்கொண்டு அவர் வண்டியை எடுத்துக்கொண்டார். எங்கள் ஒவ்வொருவர் பங்கும் குறைந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பணத்தை உம்மாவின் கையில் வைத்தபோது என் கை கூசவில்லை.

வாசகர்களே! ஓடும் வண்டியில் அவ்விளக்கு எரிந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். அளந்து பார்த்துக் காரணம் அறியுங்கள். விற்பதாயின், விளக்கு சொன்னதை வாங்குபவருக்கும் சொல்லிவிடுங்கள். நம் உள்ளத்திலும் அப்படியொரு விளக்கை அல்லாஹ் வைத்திருக்கிறான். அதைக் கெட்டியான சமாதானங்களை ஊற்றி அணைத்துவிடாதிருக்க அவன் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.