செம்மநத்தத்தில் கேட்ட பிடில்

சேலத்தில் ஏற்காட்டு பஸ் ஏறப் போகிறீர்களா? வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள்! முதல் ஐந்தில் இயற்கையை ரசிக்கலாம். அப்புறம் வயிற்றை மட்டும்தான் கவனிக்க முடியும்.

ஏரியைப் பார்த்து, படகில் ஒரு சுற்று சுற்றிவிட்டு இறங்கிவிடுகிறவர்களே அதிகம். நான் செம்மநத்தம் வரை போனேன். மலைமேல் ஒரு சிற்றூர். வழியெல்லாம் காபிச் செடிகள், அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள், அம்மரங்களைக் கட்டிக்கொண்டு ஏறும் மிளகுக் கொடிகள். நண்பர் ஒருவர் சொல்லியனுப்பிய வீடு. எஸ்டேட் கணக்கர் ஒருவருடையது. வாசலை எட்டும்போதே உள்ளே பிடில் சத்தம் கேட்டது. அப்பா பிடில், பன்னிரண்டு வயது மகள் பிடில், அண்ணன்காரன் மாண்டலின். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே தாளம் பிசகினால் அதட்டுகிறார்!

ஆனால் மகள் முகத்தில் களையில்லை. விசாரித்தேன்.

"பள்ளிக்கூட விழாவுல வாசிக்கிறதா இருந்துச்சுங்க. 'இது வெள்ளைக்காரன் பாட்டு, நம்ம பாட்டா எதையாச்சும் வாசி'ன்னு சொல்லிட்டாங்களாம். ரெண்டு வாரமா பிடிலை இவளாத் தொடறதில்லை, நான் கூப்பிட்டு உட்கார வெச்சாத்தான்" என்றார் அப்பா. பிறகு கொஞ்சம் சூடாகவே, "இந்த மலைக்குக் காபியைக் கொண்டாந்தது யாருங்க? 1820கள்ல சேலத்துக் கலெக்டரா இருந்த காக்பர்ன் துரை. அதை வேண்டாம்னு யாராச்சும் சொல்றாங்களா?" என்றார்.

அவள் வாசித்தது முத்துஸ்வாமி தீக்ஷிதரின் 'ஜகதீச குருகுஹ' என்ற நோட்டுஸ்வரம்.

நோட்டுஸ்வரத்தின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ராமஸ்வாமி தீக்ஷிதர் தம் குடும்பத்துடன் சென்னைக்கு அருகே மணலிக்கு வந்து தங்கினார். ஆதரித்தவர் முத்துகிருஷ்ண முதலியார்; அவருக்குப் பின் மகன் சின்னையா முதலியார். புனித ஜார்ஜ் கோட்டையில் கம்பெனியாரின் பாண்டு முழங்கும். அதைக் கேட்ட தீக்ஷிதர் வீட்டுப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. இளையவர் பாலுஸ்வாமி (1786-1858) ஓர் ஐரோப்பியரிடம் மூன்று வருஷம் பிடில் கற்றார். பிற்காலத்தில் எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆனார். மூத்தவர் முத்துஸ்வாமி (1775-1835) அந்த வெள்ளைக்கார மெட்டுகளில் ஏறக்குறைய நாற்பதுக்கு சமஸ்கிருத சாஹித்யம் செய்தார். அண்ணா வீணை, தம்பி பிடில். நம் நாட்டின் முதல் தந்திவாத்தியக் குடும்பக் கச்சேரி என்று இதைச் சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

எல்லாம் சங்கராபரண ஸ்வரங்கள்தாம். கமகம் கிடையாது, நேர்நடை. அதனால்தான் குழந்தைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுக்கிறார்கள். இங்கிலாந்தின் ராஜ வாழ்த்து மெட்டு 'ஸந்ததம் பாஹிமாம்' ஆயிற்று. 'ஜகதீச குருகுஹ'வுக்கு மூலம் ஸ்காட்லாந்துக்காரர்கள் குதித்தாடும் துரித மெட்டு: 'லார்டு மக்டானல்ட்ஸ் ரீல்'.

இதற்குமேல்தான் எனக்குத் தெரிந்ததை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அதே மெட்டு மேற்கேயும் கப்பலேறியது. அமெரிக்காவில் அப்பலாச்சிய மலைகளில் குடியேறியவர்கள் அதைத் தங்கள் பிடிலில் வாசித்து வாசித்துப் பேரையே மாற்றிவிட்டார்கள். 'லெதர் பிரிச்சஸ்' என்றால்தான் அங்கே தெரியும். அதாவது தோல் கால்சட்டை! அங்கே பிரபு கால்சட்டையானார், இங்கே ஜகதீசரானார். எது உசத்தி என்று நான் சொல்ல வேண்டுமா?

கைபேசியில் அந்த ஊர்க் கிராமத்துப் பிடில்காரர் ஒருவரின் பழைய தட்டைப் போட்டேன். பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்பா வேறொன்றைக் கவனித்தார்: "சுருதி நம்ம மாதிரியே கேக்குதுங்களே?"

கெட்டிக்காரர்! ஐரோப்பியப் பிடிலில் நான்கு தந்திகளையும் ஒன்றுக்கொன்று பஞ்சமமாக ஏற்றிக்கொண்டே போவார்கள். நாம் ச-ப-ச-ப என்று கூட்டுகிறோம். அந்த மலைக்காரர்களும் பல பாட்டுகளுக்குத் தந்தியைத் திருப்பி அதே ச-ப-ச-ப கூட்டுகிறார்கள். பிடிலை மோவாயில் இடுக்காமல் மார்பில் சாத்தி வாசிப்பவர்களும் அவர்களில் உண்டு. யாரும் யாரைப் பார்த்தும் காப்பியடிக்கவில்லை. சுருதியை விடாமல் ஒலிக்கச் செய்ய வேண்டுமென்றால் கை தானாக அங்கேதான் போகிறது.

வர்ஜீனியா மலையில் கோவன் பவர்ஸ் என்று ஒரு பிடில்காரர் இருந்தார். 1924இல் விக்டர் கம்பெனிக்குத் தம் மக்களோடு வாசித்துத் தட்டுக் கொடுத்தார். மகன் பாஞ்சோ, ஒரு மகள் மாண்டலின், இன்னொருத்தி கிடார், கடைக்குட்டி யுகுலேலி. அந்த ரகப் பழம்பாட்டைத் தட்டில் பதிந்த முதல் குடும்பம் அது என்பார்கள்.

"நம்ம வீடு மாதிரியே" என்றான் அண்ணன்காரன்.

"அந்தப் பொண்ணுங்க பேரு என்னங்க சார்?" என்று கேட்டாள் தங்கை.

"ஆர்ஃபா, கேரி, ஏடா."

மூன்று பெயரையும் ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். விழாவைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மா கொடுத்த காபி ஆறிப் போயிருந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்காக எழுந்தேன்.

படி இறங்கும்போது உள்ளே 'ஜகதீச குருகுஹ' மறுபடி கிளம்பியது. இம்முறை அப்பா கூப்பிடவில்லை. கைபேசியில் கேட்ட அதே ஓட்டத்தில் வில்லை இழுத்துக்கொண்டிருந்தாள். மாண்டலின் எட்டிப் பிடிக்க முடியாமல் தடுமாறியது.

"மெதுவாடி!" என்று அண்ணன் கத்துவது தெருமுனை வரை கேட்டது.