கடலைக் காணாத மீன்கள்

சென்ற ஆண்டு எங்கள் பாடசாலைக்குக் கண்ணாடித் தொட்டியொன்று வந்து சேர்ந்தது. கொழும்பிலே தொழில் பார்க்கும் பழைய மாணவர் ஒருவரின் அன்பளிப்பு. 100 லீற்றர் நீர் கொள்ளும். ஹட்டனைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து வரும் எங்கள் பிள்ளைகளிற் பலர் கடலைக் கண்டதில்லை. பாட்டன் பூட்டன்மார் கடல் கடந்து வந்தவர்கள், பேரப்பிள்ளைகளோ கடலறியாதவர்கள். அவர்கள் கண்முன் கடலின் ஒரு துளியையேனும் கொணர்ந்து நிறுத்த ஆசைப்பட்டேன்.

தமிழ் படித்தவன் நான். மீனை அழகு பார்த்தே தெரிவு செய்தேன். மஞ்சளும் கறுப்புமாய் மின்னிய வண்ணத்துப்பூச்சி மீன்கள் மூன்றை வாங்கிவந்து, அன்றிரவே புதுநீரில் விட்டேன். மூன்றாம் நாள் ஒன்று மிதந்தது. ஒன்பதாம் நாள் தொட்டி வெறுமையாயிற்று.

"சாப்பாடு போட்டோமே சேர், ஏன் செத்துச்சு?" என்று கேட்டாள், கொழுந்து பறிக்கும் தாயின் மகள் ஒருத்தி. என்னிடம் விடையில்லை. அவ்வினாவே என்னை விஞ்ஞான ஆசிரியரிடமும் நூல்களிடமும் துரத்தியது.

வண்ணத்துப்பூச்சி மீன்களிற் பல இனங்கள் உயிருள்ள பவளங்களையே மேய்ந்து வாழ்பவை. நாம் தூவும் உருண்டை அவற்றுக்கு உணவாகவே தோன்றுவதில்லை. உணவின் நடுவே பட்டினி! மீனின் கழிவிலிருந்து அமோனியா என்னும் நஞ்சு பிறக்கிறது. அதனை நைத்திரைற்றாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் தொட்டியிற் குடியேற 4 முதல் 6 வாரங்கள் வேண்டும். அதுவரை மீன் விடலாகாது. நீருக்கோ சமையலுப்பு உதவாது. இதற்கென விற்கும் கலவையுப்பை லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் வீதம் கரைக்கவேண்டும். எங்கள் மலைக்குளிரில் நீரை 25 பாகை செல்சியசில் வைத்திருக்க மின்சூடாக்கியும் வேண்டும்.

அப்படியாயின் எதனைத் தெரிவது? நீல டாம்சல் மீன் எதையும் தாங்கும்; ஆனால் தன் எல்லையைப் பிடித்துக்கொண்டு ஏனையவற்றை விரட்டியடிக்கும். நீலச் சத்திரவைத்திய மீன் ஓரடி வரை வளரும்; எங்கள் தொட்டி அதற்குச் சிறையறை. தொடக்கக்காரனுக்கு ஏற்றது, பண்ணையிற் பிறந்த கோமாளி மீன் இரண்டு. அவை தொட்டியிலே பொரித்தவை. உருண்டை உணவு பழகியவை. கடற்சாமந்தி இல்லாமலும் வாழ்பவை.

'பண்ணையிற் பிறந்த' என்பதை அழுத்திச் சொல்லக் காரணமுண்டு. நம் நாட்டிலிருந்து வண்ணமீன்கள் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. அவற்றைப் பிடிப்போர் பருவக்காற்றுக்கேற்பத் தென்மேற்குக் கரைக்கும் கிழக்குக் கரைக்கும் மாறிமாறிச் செல்லும் சுழியோடிகள். காற்றுக் கலத்தைச் சுமந்து ஒரே நாளிற் பலமுறை ஆழத்தில் இறங்கி விரைந்து மேலெழுவதால், குருதியிற் குமிழி தோன்றி மூட்டுவலிக்கும் முடக்கத்துக்கும் ஆளாவோர் அவர்களுள் உண்டு. இதை அறிந்தபோது எனக்குத் தேயிலைக் கோப்பை நினைவுக்கு வந்தது. அதன் நிறத்தை மெச்சுவோர், அட்டைக்கடியோடு மலையேறும் கால்களை எண்ணுவதில்லை. நானும் மூன்று மீன்களின் நிறத்தை மட்டுமே மெச்சினேன். அவற்றுக்காக எவர் மூச்சடக்கினார் என்று கேட்டேனில்லை.

இம்முறை ஆறு வாரம் வெறும் நீரைக் காத்தோம். பிள்ளைகள் நாள்தோறும் நீரைச் சோதித்துப் பலகையில் எழுதினர். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமான பின்னரே கோமாளி மீன்கள் இரண்டும் வந்தன. பையோடு மிதக்கவிட்டு, தொட்டிநீரைச் சிறிது சிறிதாகக் கலந்து, ஒரு மணி நேரங் கழித்து இறக்கினோம். மூன்று மாதமாயிற்று, இரண்டும் நலம்.

அன்று அந்தச் சிறுமி தொட்டியருகே வந்து நின்றாள்.

"இது எங்க பொறந்துச்சு சேர்?"

"தொட்டியிலேதான்."

"அப்ப இதுவும் கடலப் பாக்கலியா?"

மீனைக் கடலுக்கு அனுப்ப இயலாது. பிள்ளைகளை அனுப்பலாமன்றோ? விடுமுறையில் அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்ல, ஆசிரியர்களாகிய நாங்கள் மாதந்தோறும் பணம் சேர்த்து வருகின்றோம்.