பாதி தோசை, முழு ஞாயிறு

மும்பை மாதுங்காவின் பழைய ஓட்டல்களைக் கைவிடாமலே எடையைக் குறைக்க முடியுமா? ஒரு தம்பதி ஒன்பது மாதங்களாக முயன்று பார்க்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மணி ஆறேகால். மத்திய மும்பையின் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காக்களைச் சுற்றி அதற்குள் ஒரு சிறு திருவிழாக் கூட்டம். நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பார்சி முதியவர்கள், புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ அணிந்த மாமிகள், பங்குச் சந்தை நிலவரம் பேசியபடியே கைகளை வீசும் குஜராத்தி வியாபாரிகள். எல்லோரும் கொழுப்பைக் கரைக்க வந்தவர்கள். அவர்களில் கணிசமானோர் இன்னும் ஒரு மணி நேரத்தில் கரைத்ததை வட்டியுடன் திரும்பப் பெறப் போகிறவர்கள். காரணம், இங்கிருந்து கால்மணி நேரம் நடந்தால் கிங்ஸ் சர்க்கிள். அங்கே தோசைக் கல் சூடாகிக்கொண்டிருக்கிறது.

கூட்டத்தில் அந்தத் தம்பதியும் இருக்கிறார்கள். கணவர் வங்கி அதிகாரி, வயது 56. மனைவி பள்ளி ஆசிரியை, வயது 51. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து 28 ஆண்டுகளாகச் சயானில் வசிப்பவர்கள். பெயரை வெளியிடக் கூடாது என்பது மனைவியின் நிபந்தனை. எடையை வெளியிட ஆட்சேபமில்லை. ஒன்பது மாதங்களுக்கு முன்பு அவர் 86 கிலோ, இவர் 74. இன்று 79, 68. வியப்பு என்னவென்றால், இந்த ஒன்பது மாதங்களில் ஊரில் இருந்த ஒரு ஞாயிறு கூட அவர்கள் மாதுங்கா ஓட்டல்களுக்குப் போகாமல் இருந்ததில்லை.

மாதுங்காவுக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள உறவு பழையது. 1896இல் பம்பாயைப் பிளேக் நோய் உலுக்கியது. நெரிசலில் மூச்சுத் திணறிய நகரத்தை வடக்கே விரிக்க 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. அது போட்ட திட்டத்தில் உருவானவைதான் தாதர், மாதுங்கா பகுதியின் அகலமான தெருக்களும் மர நிழலும் இந்தப் பூங்காக்களும். தட்டச்சும் கணக்கும் தெரிந்த தமிழ் இளைஞர்கள் ரயிலேறி வந்து இங்கே குடியேறினார்கள். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் பிறந்தது. அவர்களுக்குப் பின்னாலேயே சமையல் வந்தது. ராம் ஆஷ்ரயா 1939, கஃபே மெட்ராஸ் 1940, ரயில் நிலையத்துக்கு எதிரே மாடியில் இருக்கும் ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942. கஃபே மெட்ராஸ் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இந்தப் பகுதியின் பழைய ஓட்டல்களை நிறுவியவர்கள் பெரும்பாலும் கர்நாடகக் கரையோரத்துக்காரர்கள். தமிழன் சாப்பிட, கன்னடத்துக்காரர் சமைக்க, மராட்டியரும் குஜராத்தியரும் வரிசையில் நிற்க, ஒரு பேட்டையே அடையாளம் பெற்றுவிட்டது.

அந்த வரிசையில்தான் தம்பதியின் இல்லறமும் நடந்தது என்று சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட வீடு. மாமனார், மாமியார், கல்லூரியில் படிக்கும் கொழுந்தன். புருஷனும் பெண்டாட்டியும் நாலு வார்த்தை தனியாகப் பேச வேண்டுமென்றால் ஞாயிறு காலை கஃபே மெட்ராஸ் வாசலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் அரைமணி நேரம்தான். பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது, ஊரிலிருக்கும் நிலத்தை விற்பதா வேண்டாமா, எல்லாம் அங்கே முடிவானவை. உள்ளே போனால் பேச நேரமிருக்காது. முன்பின் தெரியாத இருவரோடு மேஜையைப் பகிர்ந்துகொண்டு, பொடி இட்லி, ராகி தோசை, ரச வடை, காபி என்று முடித்து எழுந்துவிட வேண்டும். பின்னால் ஐம்பது பேர் நிற்கிறார்கள்.

சென்ற ஆண்டு வந்தது அந்த ரத்தப் பரிசோதனை முடிவு. கணவரின் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 6.3. அதாவது 6.5 என்ற நீரிழிவுக் கோட்டுக்கு மயிரிழை தூரம். மனைவிக்கு முழங்கால் வலி. பள்ளி மாடிப்படி ஏறுவதே தவம். "ரெண்டு பேரும் எடையைக் குறையுங்க. ஓட்டல் பக்கமே போகாதீங்க" என்றார் டாக்டர்.

டாக்டர் பயமுறுத்தவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடி, அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி. இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே இந்த ஆபத்து வருவதால், உடல் நிறை எண் 25ஐத் தாண்டினாலே உடல் பருமன் என்று இங்குள்ள நிபுணர்கள் 2009இல் வரையறுத்தார்கள். இடுப்பளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை மணி. இன்னொரு உண்மை: பருமன் ஜோடியாக வருகிறது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின் தகவல்களை அலசிப் பார்த்ததில், நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட தம்பதிகளில் கணவன், மனைவி இருவருமே கூடுதல் எடை கொண்டவர்கள் என்று தெரிந்தது. ஒரே அடுப்பு, ஒரே எண்ணெய்ப் புட்டி, ஒரே சோம்பல்.

ஓட்டல் நின்றது. முதல் மாதம் எடை இரண்டு கிலோ இறங்கியது. ஞாயிறு காலை கேழ்வரகுக் கஞ்சியை எதிரெதிரே உட்கார்ந்து குடித்தார்கள். தொலைக்காட்சி மட்டும் பேசியது. இரண்டாவது மாதம் கணவரின் கைக்குட்டையில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்ததை மனைவி துவைக்கும்போது பார்த்தார். வடா பாவுக்குள் தூவும் பூண்டுச் சட்னிப் பொடி. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க அவருக்கும் தைரியமில்லை. சில நாள் கழித்து வீட்டுச் சாவியைத் தேடி மனைவியின் கைப்பையைத் திறந்த கணவருக்கு, திருத்தாத விடைத்தாள்களுக்கு அடியில் மிக்சர் பாக்கெட் அகப்பட்டது. மூன்றாவது மாத முடிவில் தராசு பழைய இடத்திற்கே வந்து நின்றது.

"ஏங்க, எல்லார் முன்னாலயும் உக்காந்து தின்னா பாவம், ஒளிஞ்சு தின்னா பத்தியமா?" என்று அன்று மனைவி கேட்டாராம். அடுத்த ஞாயிறு இருவரும் மாதுங்காவுக்கு நடந்தே போனார்கள். வரிசையில் நின்றபடி புதிய ஒப்பந்தம் ஒன்று போட்டுக்கொண்டார்கள்.

ஒப்பந்தத்தின் முதல் விதி: எதுவானாலும் ஒரு தட்டு, இரண்டு பேர். அது தீர்ந்த பிறகே அடுத்தது. இரண்டாவது விதி: என்ன சாப்பிடுவது என்பதை வரிசையிலேயே தீர்மானிக்க வேண்டும். உட்கார்ந்த பிறகு, பக்கத்து மேஜைக்கு வரும் வெண்ணெய் தோசையைப் பார்த்துத் தீர்மானத்தைத் திருத்தக் கூடாது. மூன்றாவது: எண்ணெயில் பொரித்தது, நெய்யில் புரட்டியது, இனிப்பு, மூன்றில் ஒன்றுதான் ஒரு நாளைக்கு. ராம் ஆஷ்ரயாவின் அன்னாசி ஷீரா வேண்டுமென்றால் அன்று வடை கிடையாது.

பாதியில் திருப்தியடைவது மும்பைக்குப் புதிதல்ல. தமிழ்நாட்டில் 'கட்டிங்' என்றால் டாஸ்மாக் வாசல் நினைவுக்கு வரும். மும்பையில் கட்டிங் என்பது அரை கிளாஸ் டீ. ஆலைத் தொழிலாளியும் அலுவலகக் குமாஸ்தாவும் குடித்து வளர்ந்த அளவு அது. அதே கணக்கை தோசைக்கும் நீட்டியதுதான் இவர்கள் செய்த காரியம்.

கணக்குப் புத்தகம் வங்கி அதிகாரியின் பொறுப்பு. அவர் முதலில் கண்டுபிடித்தது ஒரு கசப்பான உண்மை: வாக்கிங்கை நம்பி வடை சாப்பிட முடியாது. அரைமணி நேரம் விறுவிறுவென்று நடந்தால் அவர் உடலுக்குச் செலவாவது சுமார் 150 கலோரி. நெய் மினுங்கும் ஒரு தட்டு ஷீரா சுலபமாக 300ஐத் தொடும். ஒரு கிராம் மாவிலும் சர்க்கரையிலும் 4 கலோரி. ஒரு கிராம் எண்ணெயிலும் நெய்யிலும் 9. ஆவியில் வெந்த இட்லிக்கும் எண்ணெயில் நீந்திய வடைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பூங்காவைச் சுற்றி முடித்து நேராக ஓட்டலுக்குள் நுழையும் கூட்டம் ஆண்டுக்கணக்கில் அதே எடையில் இருப்பதன் ரகசியமும் இதுதான். இவர்களும் நடப்பதை விடவில்லை. மழைக்காலத்தில் கூட, கிங்ஸ் சர்க்கிள் மேம்பாலத்துக்கு அடியில் குடியிருப்போர் போராடிப் பெற்ற பூங்காவில், நர்மதை நதியின் வளைவுகளைப் போல் அமைத்த பாதையில் நடக்கிறார்கள். ஆனால் நடை சர்க்கரைக்கும் முழங்காலுக்கும்; எடைக்குத் தட்டு. இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை.

மதியச் சாப்பாடு என்றால் ராமா நாயக். 'லிமிடெட்', 'அன்லிமிடெட்' என்று அங்கே இரண்டு வகை. வாழையிலையில் வேண்டிய மட்டும் பரிமாறுவதை விட்டுவிட்டு அளவுச் சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்குகிறார்கள். முதலில் காய்கறியும் கூட்டும், பிறகு சப்பாத்தி, கடைசியில்தான் சோறு. அன்று இரவு வீட்டில் மோரும் ஒரு பழமும். "இலையை விட்டதுதான் எனக்குக் கஷ்டம்" என்று ஒப்புக்கொள்கிறார் கணவர். இரண்டாவது முறை ரசம் ஊற்ற வருபவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்க்கப் பழக அவருக்கு இரண்டு மாதம் ஆனதாம்.

துணையோடு செய்வதில் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தினர் 130 தம்பதிகளைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் மட்டும் எடைக் குறைப்பு முயற்சியில் சேர்ந்தபோதும், ஆறு மாதத்தில் சேராத துணைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் தம் எடையில் 3 சதவீதமோ அதற்கு மேலோ இழந்திருந்தார். கெட்ட பழக்கம் மட்டுமல்ல, நல்லதும் தொற்றிக்கொள்கிறது.

ஆனால் சமபங்கு என்பது நியாயமல்ல என்று விரைவில் தெரிந்தது. ஒரே தட்டில் பாதிப் பாதி சாப்பிட்டும் முதல் இரண்டு மாதத்தில் அவருக்கு மூன்று கிலோ போயிற்று, இவருக்கு ஒன்றுதான். ஆணின் பெரிய உடம்பு சும்மா இருக்கும்போதே அதிகம் செலவழிக்கிறது. "பாதி தோசை அவருக்குப் பத்தியம், எனக்கு விருந்து" என்கிறார் மனைவி. ஒரு வாரம் பேச்சு வார்த்தை இல்லை. பிறகு தோசை ஐந்துக்கு மூன்று, ஐந்துக்கு இரண்டு என்று பிரிந்தது. குறைந்த கிலோவை ஒப்பிடுவது தடை செய்யப்பட்டது. தீபாவளிக்கு ஊருக்குப் போய் வந்ததில் இருவருக்கும் சேர்ந்தாற்போல் இரண்டு கிலோ ஏறியது. யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஒன்றாகத் தின்றதாயிற்றே.

கணவரின் சர்க்கரை எண் இப்போது 5.8. இன்னும் வாசலில்தான் நிற்கிறார், ஆனால் படியிலிருந்து இறங்கியிருக்கிறார். உணவையும் நடையையும் சீர் செய்தால் இந்த வாசலிலிருந்து பலர் உள்ளே போகாமல் தடுக்கலாம் என்பதைச் சென்னை ஆராய்ச்சியாளர்கள் 531 பேரைக் கொண்டு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மூன்று ஆண்டுகளில் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. மனைவி பள்ளி மாடிப்படியை நடுவில் நிற்காமல் ஏறுகிறார்.

மணி எட்டு. ராம் ஆஷ்ரயாவில் இடம் கிடைத்துவிட்டது. ஒரு உப்புமா, ஒரு ஷீரா. இன்று வடை இல்லை. எதிரே உட்கார்ந்த கல்லூரி மாணவன் மூன்று தட்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டு இவர்களைப் பரிதாபமாகப் பார்க்கிறான். கடைசியில் காபி. அதுவும் ஒன்றுதான், ஆனால் பாத்திரம் இரண்டு. டம்ளரிலிருந்து பாதியை டபராவில் ஊற்றி, டபராவைத் தம் பக்கம் இழுத்துக்கொள்கிறார் கணவர். டம்ளர் மனைவிக்கு. மகனின் கல்யாணப் பேச்சு பாதியில் நின்றிருக்கிறது. பின்னால் வரிசை நீள்வதால் மிச்சத்தை வீட்டுக்கு நடந்தபடி பேசிக்கொள்ள வேண்டியதுதான்.

திங்கட்கிழமை கஃபே மெட்ராஸ் மூடியிருக்கும். அன்று காலை எடை பார்க்கும் நாள். முதலில் யார் தராசில் ஏறுவது என்பதில் மட்டும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.