மூன்றாவது பத்தி

மனநல வார்டில் நான் எழுதக் கற்றுக்கொண்டது ஒரே ஒரு வரி. 'இரவு நன்றாகத் தூங்கினார், தொந்தரவு இல்லை.' பதினோரு வருஷம், நைட் டியூட்டி முடியும்போதெல்லாம் இதை எழுதியிருக்கிறேன். தூங்காதவர்களுக்கும் எழுதியிருக்கிறேன். தொந்தரவு யாருக்கு இல்லை என்று அந்த வரி சொல்வதில்லை.

பிறகு மேல்படிப்பு, கல்லூரி வேலை, ஆராய்ச்சி. அங்கே வேறொரு வடிவம் கிடைத்தது. ப்ராஸஸ் ரெகார்டிங் என்பார்கள். தாளில் மூன்று பத்திகள்: நோயாளி சொன்னது, நர்ஸ் சொன்னது, அப்போது நர்ஸின் மனதில் இருந்தது. நர்ஸிங் கல்வியில் இதை வேரூன்றச் செய்தவர் ஹில்டகார்ட் பெப்லாவ் என்ற அமெரிக்கப் பெண்மணி. நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையே உள்ள உறவைப் பற்றிய அவர் புத்தகம் 1948இல் தயாராகிவிட்டது. டாக்டர் யாரும் கூட எழுதவில்லையே என்ற தயக்கத்தில் கிடந்து 1952இல்தான் அச்சேறியது. 1954 முதல் 1974 வரை அவர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் போதித்ததில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: நோயாளியின் வாக்கியத்தை ஆராயுமுன் நர்ஸ் தன் வாக்கியத்தை ஆராய வேண்டும்.

என் ஆய்வேட்டுக்காக ஓர் ஆஸ்பத்திரியில் அறுபது உரையாடல்களை எழுதினேன். மூன்றாவது பத்தியை எண்ணாக மாற்ற முடியாது, எடுத்துவிடலாம் என்றார் வழிகாட்டி. எடுத்தேன். பிறகு இரண்டாவதும் போயிற்று. நோயாளிகள் சொன்னது மட்டும் வகை பிரிக்கப்பட்டு அட்டவணைகளாயிற்று. பட்டம் வந்தது. பதவி உயர்வும் வந்தது.

அறுபதில் ஒன்று, பதினெட்டு வருஷமாக வார்டில் இருந்த ஓர் அம்மாளுடையது. வீட்டிலிருந்து யாரும் வருவதில்லை. கடைசி நாள் கேட்டார்: "நான் சொன்னதெல்லாம் எழுதிக்கிட்டீங்களே ஸிஸ்டர், யாருக்குக் காட்டப் போறீங்க?"

"படிப்புக்கும்மா" என்றேன்.

"அதுக்கு எங்க வீட்டுக்கு ஒரு கடுதாசி போட்டிருக்கலாம்."

விலாசம் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே இருந்தது. நான் பதில் சொல்லவில்லை. அட்டவணையில் அவர் 'குடும்பம் குறித்த எண்ணங்கள்' என்ற வரிசையில் ஓர் எண். மூன்றாவது பத்தி இருந்திருந்தால் அதில் வர வேண்டியது: ஐந்தரை மணி பஸ்.

ஆனி ஆல்ட்ஷுல் வியன்னாவில் பிறந்தவர். 1938இல் இங்கிலாந்துக்குத் தப்பிப் போய் நர்ஸானவர். 1976இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் நர்ஸிங் பேராசிரியர். மனநல வார்டுகளில் நர்ஸும் நோயாளியும் பேசிக்கொள்வதைக் கவனித்து அவர் செய்த ஆய்வு 1972இல் வெளியாயிற்று. நர்ஸ்களின் பேச்சுக்குப் பின்னால் திட்டமான கோட்பாடு எதுவும் அவருக்குத் தென்படவில்லை. பிற்பாடு அவரே மனச்சோர்வுக்கு ஆளானார். நோயாளியாக இருந்ததைத் தன் பெயரிலேயே எழுதினார். 1985இல் ஒரு தொகுப்பில் வந்தது. பேராசிரியர் ஒருவர் தன் மூன்றாவது பத்தியை அச்சுக்குக் கொடுத்தார் என்றுதான் நான் அதை நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது மாணவிகளின் தாள்களைத் திருத்துகிறேன். மூன்றாவது பத்தியில் எல்லோரும் 'ஆறுதல் அளிக்க நினைத்தேன்' என்றே எழுதுகிறார்கள். போன வாரம் ஒருத்தி, 'பயமாக இருந்தது, எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது' என்று எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன். ஓரத்தில் 'எனக்கும்' என்று எழுதினேன். மாணவியின் தாளில் அப்படி எழுதக்கூடாதுதான். அடிக்க மனம் வரவில்லை.