கருங்கரடி வாழும் நாடுகள்

கரடி எனில் கரியது என்பதே நம் நாட்டார் துணிபு. நீலகிரிச் சாரலில் கறையான் புற்றைப் பிளந்துண்ணும் நம் கரடியும் நிறத்தால் கரியதே. ஆயினும் விலங்கு நூலார் கருங்கரடி என வழங்குவது அதனையன்று. அப்பெயர்க்கு உரியவை வேறு இரண்டு. ஒன்று அமெரிக்காவினது, மற்றொன்று ஆசியாவினது.

அமெரிக்கக் கருங்கரடி அலாஸ்கா முதல் மெக்சிகோவின் வடமலைகள் வரை வாழ்கின்றது. கனடாவில் பிரின்ஸ் எட்வர்டு தீவு ஒன்றொழிய ஏனைய மாகாணங்கள் அனைத்திலும் உண்டு. நிறமோ பெயரை மதிப்பதில்லை. பல பழுப்பாயிருக்க, பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடலோரக் காடுகளில் சில வெண்மையாகவே பிறக்கின்றன! பிற கரடியினங்கள் அனைத்தையும் கூட்டினும் இவ்வொன்றன் தொகைக்கு ஈடாகா என்பர். ஆதலின் இதுபற்றி யாம் கவலுறுதற்கு இடமில்லை.

ஆசியக் கரடியின் நிலை வேறு. மார்பில் பிறை போன்ற வெண்கோடு பூண்ட இவ்விலங்கு, ஈரானின் தென்கிழக்கு மலைகளில் தொடங்கி, இமயச்சாரல் வழியே சீனம், கொரியா, தைவான், ஜப்பான் ஈறாக வாழ்வது. சில ஆண்டுகட்கு முன் யாம் காசுமீரம் சென்றிருந்த காலை, ஸ்ரீநகரை அடுத்த தாச்சிகாம் காட்டின் ஓரத்தில் முதிய உழவர் ஒருவரைக் கண்டோம். அவர் முகத்தில் காது முதல் மோவாய் வரை ஆழ்ந்த வடு ஒன்று இருந்தது. மக்காச்சோளம் முற்றிய நாளில், விடியுமுன் கொல்லைக்குச் சென்றவர்மேல் கரடி பாய்ந்ததாம். அதனைக் கொல்ல எண்ணவில்லையோ என வினவினோம். "எண்ணாமல் இருப்பேனா? சட்டம் தடுக்கிறது. அவ்வாண்டு காட்டில் அக்ரூட்டும் காய்க்கவில்லை" என அவர் கூறியதாக வழிகாட்டி பெயர்த்துரைத்தார். அவ்விரண்டில் எதனை அவர் பெரிதாகக் கருதினார் என்பது எமக்கு விளங்கவில்லை.

உழவர் சினத்தினும் கொடியது பித்த வாணிகம். கரடியின் பித்தநீர் மருந்தென்று பேணப்படுவதால், கீழை நாடுகளில் இவை வேட்டையாடப்படுவதேயன்றி, கூண்டில் அடைபட்டு ஆண்டுக்கணக்காகப் பித்தம் வடிக்கவும் படுகின்றன. இதனைப் படித்த நாளில் எமக்கு உணவு செல்லவில்லை.

ஜப்பானின் கியூஷு தீவில் இவ்வினம் அற்றுப்போயிற்று என அந்நாட்டரசு 2012-ல் அறிவித்தது; ஷிகோகுத் தீவில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. ஹொன்ஷுவிலோ ஊர்களுக்குள்ளே புகுந்து மக்களைத் தாக்குகின்றன. தென்கொரியர் ருஷ்யாவிலிருந்து குட்டிகளைக் கொணர்ந்து 2004-ல் ஜிரி மலையில் விடுத்தனர். அம்மலைக் காட்டில் இன்று அவற்றின் பேரக்குட்டிகள் உலவுகின்றன.